ஐஸ் விழாத பெட்டி

1

ஒரு பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றபோதுதான் இந்தக் கதை என்னிடம் மாட்டியது. நான் தேடிப் போகவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்று கூப்பிட்டார், போனேன். அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர், என் கையில் டார்ச்.

ஊர் புதுமடம். அவருக்குச் சதக்கத்துல்லா என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். மாற்றின பெயரிலும் ஊரில் ஆள் இருக்கும். அவர்கள் என் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம், இது அவர்கள் இல்லை.

நடந்தது என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவர்கள் கடைசிவரைக்கும் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அப்படி வைக்கிறவனை நான் நம்புவதில்லை, வியாபாரத்திலும் சரி, கதையிலும் சரி. சதக்கத்துல்லா தன் மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை அவரை ‘வாப்பா’ என்று கூப்பிடுவதில்லை. சோறு வைக்கிறாள், சட்டையைத் துவைத்துப் போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ‘வாப்பா’ மட்டும் வரவில்லை. அது திரும்பி வருமா, வராதா. கதை அவ்வளவுதான்.

மீதி எல்லாம் ஐஸ்.

2

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தடவை தொடங்கினேன்.

முதலாவது: “சபியாவுக்குத் தாகம் எடுத்தது.”

வரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வரிக்கு வழி விடவில்லை. சபியா, சதக்கத்துல்லாவின் மனைவி. சிறுநீரகம் ரெண்டும் கெட்டு, வாரத்துக்கு ரெண்டு தடவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறவர். தண்ணீர் குடிப்பதற்கு அளவு உண்டு. அந்த அளவு ஒரு வாய் நனையக் காணாது. தண்ணீராகக் குடித்தால் உடனே தீர்ந்துபோகும், ஐஸ்கட்டியாக வாயில் ஒதுக்கிக்கொண்டால் கொஞ்ச நேரம் நிற்கும் என்று அங்கே இருந்த நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து சபியாவுக்கு ஐஸ்தான் தண்ணீர். இதை ஒரே வரியில் எழுத எனக்கு வரவில்லை.

ரெண்டாவது: “தம்மாமிலிருந்து கப்பலில் வந்த அந்த ரெட்டைக்கதவு பிரிட்ஜ் நிலைக்குள் நுழையாமல், தெருவில் நாலு பேர் சேர்ந்து

இதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பிரிட்ஜ் வந்த கதையைச் சொல்லப் போனால் அது ஸுஹைர் கதை ஆகிவிடும். ஸுஹைர் சதக்கத்துல்லாவின் மருமகன், மாஷிதாவின் மாப்பிள்ளை. சவுதியில், தம்மாமில் வேலை. மாமியாருக்கு ஐஸ் வேண்டும் என்று தெரிந்ததும், தானாகவே ஐஸ் போடுகிற மிஷின் உள்ள பெட்டியை அனுப்பி வைத்தார். நல்ல பையன். இந்தக் கதைக்கு அவ்வளவு போதும்.

மூன்றாவது: “ஐஸ் விழுவது நின்ற அன்று சதக்கத்துல்லா முதலில் சந்தேகப்பட்டது தண்ணீரை.”

இது நிற்கும் போலத் தெரிகிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

ஐஸ் விழுவது நின்ற அன்று சதக்கத்துல்லா முதலில் சந்தேகப்பட்டது தண்ணீரை.

அதில் நியாயம் உண்டு. எங்கள் தெருவில் போர் போட்டால் உப்புத்தான் வரும். குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர். அந்தக் கேனுக்குள் ஒரு சின்ன மோட்டாரை இறக்கி, அதிலிருந்து விரல் கனம் கூட இல்லாத வெள்ளைக் குழாய் பிரிட்ஜின் முதுகுக்குப் போகும். பெட்டிக்குள் மேல் தட்டில் ஐஸ் மிஷின். அது தண்ணீரை வாங்கி, உறைய வைத்து, புரட்டி, கீழே இருக்கிற டப்பாவில் தடதடவென்று தட்டும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நான் ஓடினேன். சபியா சிரித்தார். “ஐஸு அண்ணே, ஐஸு.”

கேன் தண்ணீர் என்று சொல்லிப் போர் தண்ணீரை ஊற்றிவிட்டான் என்று தண்ணீர் வண்டிக்காரனைச் சதக்கத்துல்லா பிடித்து உலுக்கினார். அவன் ஒரு டம்ளர் பிடித்து, அவர் எதிரிலேயே குடித்துக் காட்டினான். அது சரியாகப் போனதும் சந்தேகம் மெக்கானிக் மேல் ஏறியது.

உச்சிப்புளியிலிருந்து காஜா நவாஸ் வந்தான். பிரிட்ஜின் பின்பக்கம் தகட்டைக் கழற்றிப் பார்த்தான்.

“கம்ப்ரசர் நல்லா ஓடுது மாமா. கூலிங் இருக்கு. ஐஸ் மிஷின நான் தொட்டது இல்ல.”

“தொடாமத்தான் போன தடவ உள்ள கெடந்து குடைஞ்சியா?”

“அது கதவு ரப்பர் மாமா. பிஞ்சிருந்துச்சு, மாத்துனேன்.”

“ரப்பர மாட்டுறேன்டு சொல்லி உள்ளேருந்து எத உருவுன?”

காஜா நவாஸ் சிரித்துவிட்டான். “உருவி நான் எங்க மாட்ட? எங்க வீட்ல இருக்குறது ஒத்தக்கதவுப் பெட்டி. அதுல ஐஸ் தானா விழுகாது, கத்திய வச்சுக் குத்துனாத்தான் வரும்.”

சபியா சேரில் உட்கார்ந்தபடி, “பாவம், புள்ளய விடுங்க” என்றார். சதக்கத்துல்லா விடவில்லை. முன்கதவைத் திறந்து உள்ளே பார்க்கிறேன் என்று அவன் சொன்னபோது, கதவுக்கு நேர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

[இந்த ஸ்டூலை எழுதலாமா என்று யோசித்தேன். கதைக்காக இட்டுக்கட்டினது என்று நினைப்பீர்கள். நான் அங்கே நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்து வழி விட்டிருந்தால் அந்தப் பையன் ஒரு பார்வையில் சொல்லியிருப்பான், நானும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.]

4

பிறகு அவரே கழற்றுவது என்று முடிவானது. அப்போதுதான் டார்ச்சோடு நான் உள்ளே வருகிறேன்.

“மாப்ள, லைட்ட இங்கன அடி. அங்கன எதுக்கு அடிக்கிற, அது மீனு.”

“மீன எடுத்து வெளிய வைங்க மாமா, கை போகட்டும்.”

“வெளிய வச்சா நாறிப்போகும். நீ அடி.”

ரெண்டு பேரும் போட்டில் கிடந்தவர்கள். பாம்பனில் ஒரே விசைப்படகில் அவர் டிரைவர், நான் கூட ஓடினவன். எஞ்சின் என்றால் எங்களுக்குப் பயம் கிடையாது. அதுதான் கெடுத்தது.

ஒழுங்காகத்தான் வேலை பார்த்தோம், அதையும் சொல்ல வேண்டும். கரண்டைப் பிடுங்கினோம். குழாய் முனையில் சின்ன வலை ஒன்று இருந்தது. அதில் உப்புப் பூத்து வெள்ளையாக அடைத்திருந்தது. வினிகரில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். தண்ணீர் இறங்குகிற குழாயில் ஐஸ் அடைத்திருக்கும் என்று, துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துச் சுற்றி வைத்தோம். சொட்டுச் சொட்டாக இளகி வந்தது. சதக்கத்துல்லா முகம் மலர்ந்தது. “பாத்தியா? பெத்த பேரு மெக்கானிக்கு.”

மிஷினின் பக்கவாட்டில் ஒரு கம்பி இருந்தது. வாளிக்குப் பிடி இருக்குமே, அந்த மாதிரி வளைந்த மெல்லிசுக் கம்பி. அது மேலே தூக்கி நின்றது.

“இது என்ன மாமா?”

அவர் எட்டிப் பார்த்தார். “லீவரு. மேலதான நிக்கிது? ஓட்டத்துல இருக்கு.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் போட்டு எஞ்சினில் நிறுத்துகிற கம்பி அப்படி. மேலே நின்றால் ஓட்டம், கீழே அமுக்கினால் எஞ்சின் அணையும். கடலுக்குள் போகும்போது அது மேலே நிற்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிற பழக்கம் ரெண்டு பேருக்கும். மேலே நிற்கிற கம்பியைப் பார்த்தால் எங்களுக்கு மனசு நிறைந்துவிடும்.

ஐஸ் மிஷினில் அது நேர் மாறு. கம்பி கீழே தொங்கினால் மிஷின் ஓடும். டப்பா நிறைந்து கட்டிகள் அதை முட்டித் தூக்கினால் நின்றுவிடும். கையால் தூக்கி மாட்டி வைத்தாலும் நின்றுவிடும். யாரோ தூக்கி மாட்டி வைத்திருந்தார்கள். ரெண்டு போட்டுக்காரன்கள் முகத்துக்கு நேராக டார்ச் அடித்து அதைப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கதவைச் சாத்தினோம்.

மறுநாளும் ஐஸ் விழவில்லை.

5

ஐஸ் மிஷின் இல்லாவிட்டால் என்ன, தட்டில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் ஆகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாஷிதா அதைத்தான் செய்தாள். சின்னத் தட்டு ஒன்றில் ஊற்றி வைத்து, உம்மாவுக்கு அவள் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். ஒரு நேரத்துக்கு ஒரு கட்டி.

சதக்கத்துல்லாவின் வயிறு எரிந்தது அங்கேதான்.

ஹாலில் உட்கார்ந்து பேப்பர் பார்க்கிற சாக்கில் அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சபியா உள்ளங்கையை விரித்து நீட்டுவாள். மகள் ஒரு கட்டியை வைப்பாள். கதவைச் சாத்துவாள்.

“இன்னொண்ணு குடு புள்ள.”

“அசர் தொழுத பிறகு உம்மா.”

“சின்னதா.”

“உம்மா.”

சபியா கையை இழுத்துக்கொள்வாள். மிஷின் ஓடினபோது அவளே நடந்து போய், அவளே திறந்து, அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். சீக்கு வந்த பிறகு இந்த வீட்டில் யாரிடமும் கேட்காமல் அவள் எடுத்தது அது ஒன்றுதான். இப்போது பெற்ற மகளிடம் கையேந்துகிறாள். அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. தனக்கு மட்டும் என்ன குளிர்ச்சி என்று காற்றாடியை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். அவர்கள் குடும்பத்தில் வீடு பொம்பளப் பிள்ளைக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சதக்கத்துல்லா இளவட்டமாகச் சபியா வீட்டுக்குள் வந்தவர். அவர் பிறந்த வீடு அவருடைய தங்கச்சிக்குப் போனது. இந்த வீடு மாஷிதா நிக்காஹ் அன்று மாஷிதாவுக்குப் போனது. யாரும் அவரை ஒரு சொல் சொன்னது கிடையாது. ஆனாலும் ஆணி அடிக்கிறதுக்கு முன்னால் சுவரைத் தட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். அது எனக்குத் தெரியும்.

ஆக அவர் கணக்குப் போட்டார். வீடு மகளுடையது. பெட்டி மகளின் மாப்பிள்ளை அனுப்பியது. மிஷின் நின்றதற்கு அவள் ஒரு தடவை கூட வருத்தப்பட்டுப் பேசவில்லை. அப்புறம் என்ன?

[அடுத்த பத்தியை நாலு விதமாக எழுதினேன். வார்த்தையை விட்டுவிட்டு ‘சொல்லக்கூடாததைச் சொன்னார்’ என்று போட்டுப் பார்த்தேன். அது அவரைக் காப்பாற்றுகிற வேலை. எழுதியே தீர வேண்டும்.]

சபியா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அசந்து தூங்கின ஒரு மதியம். மாஷிதா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் முருங்கைக் கிளையைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

“மிஷின நீதான நிப்பாட்டுன?”

அவள் அடுத்த துணியைப் பிழிந்தாள்.

“உன்னத்தான் கேக்குறேன். நீதான?”

“மிஷின விடுங்க வாப்பா. உம்மாவுக்கு நான் குடுக்குறேன்ல.”

“நீ குடுக்குற. அவ வாங்குறா. வீடு உன் பேர்ல, பெட்டி உன் மாப்ள பேர்ல, நாக்க நனைக்கிறதுக்கும் உன்கிட்டத்தான் வந்து நிக்கணுமா? அவ சீக்கிரம் போய்ச் சேரட்டும்டு பாக்குறியா?”

இதுதான் அந்த வார்த்தை.

எனக்குக் கையில் அரிவாள் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஈரத்துணியை உதறுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. எட்டிப் பார்த்தேன். அவள் உதறிக் காயப்போட்டது அவருடைய சட்டையை.

சதக்கத்துல்லா விறுவிறுவென்று கடற்கரைக்குப் போனார். கோவித்துக்கொண்டு போகிறவனுக்குப் போய்ச் சேர ஒரு வீடு வேண்டும். அவருக்கு அது இல்லை. தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு, மீன்பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பொழுது சாய்ந்து மகரிப் பாங்கு சொன்னதும் திரும்பி வந்தார்.

“சோறு எடுத்து வச்சிருக்கு” என்றாள் மாஷிதா.

முன்னால் எல்லாம் அந்த வரியில் இன்னொரு சொல் இருக்கும். அது இல்லை. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

6

மதுரையிலிருந்து புது மிஷினை வரவழைத்தார். அட்டைப் பெட்டியோடு என்னைக் கூப்பிட வந்தார். “வா மாப்ள, இன்னைக்கு முடிச்சிருவோம்.” குரலில் வீம்பு இருந்தது. ஐஸ் விழுந்துவிட்டால் சொன்ன வார்த்தைக்கும் ஒரு நியாயம் வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. என்னிடம் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

பழையதைக் கழற்றும்போது தகட்டு விளிம்பு விரலைக் கிழித்தது. ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு புதியதை மாட்டினார். கடைசியாகக் கம்பியை, ரெண்டு பேருக்கும் மனசு நிறைய, மேலே தூக்கி வைத்தார்.

அன்று முழுக்க ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். டப்பா காலி. அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவு திறந்து கிடந்தது. நான் டார்ச்சை அணைக்காமல் நின்றேன். மாஷிதா கடைக்குப் போயிருந்தாள்.

சபியா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

“கதவச் சாத்துங்க, மீன் கெட்டுப்போகும்.”

“கெடட்டும்.”

“விரல்ல என்ன?”

“ஒண்ணும் இல்ல.”

சபியா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அந்த மிஷின விடுங்க. பழசும் நல்லாத்தான் இருந்துச்சு. கம்பியக் கீழ எறக்குங்க” என்றார்.

சதக்கத்துல்லா எழுந்து இறக்கினார். மிஷின் உள்ளே ‘கிர்’ரென்றது. குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது.

“நான்தான் தூக்கி வச்சேன்.”

“நீயா? எதுக்குடி?”

“கதவத் தொறந்தா அள்ளி அள்ளிப் போடுறேன். என்னால நிப்பாட்ட முடியல. நெஞ்சு வரைக்கும் தண்ணி ஏறிருச்சின்டு ஆஸ்பத்திரில மாஷிதாவப் புடிச்சு ஏசுனாங்க. உம்மாவப் பாத்துக்கிற லட்சணம் இதுதானான்டு. அது தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னுச்சு. அதான் வந்து தூக்கி விட்டேன். நான் கேட்டாலும் குடுக்காதம்மான்டு அதுகிட்ட சொல்லி வச்சேன்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாம? வாப்பாட்ட சொல்லாதன்டு சத்தியம் வாங்கிருக்கேன்.”

“என்கிட்ட சொன்னா என்னடி?”

“சொன்னா நீங்க எரக்கப்பட்டு எறக்கி விட்டுருவீங்க.”

அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். கொல்லையில் நடந்தது சபியாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவரும் மாஷிதாவும் நானும்.

“திரும்பத் தூக்கி விடுங்க” என்றார் சபியா. “சத்தம் கேட்டாலே நாக்கு ஊறுது.”

அவர் தூக்கி விட்டார்.

7

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி வைத்தேன். காரணம் மாஷிதா.

நான் அவளை நம்பவில்லை. ‘நான் இல்ல, உம்மாதான்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உம்மா செத்துப்போகட்டும் என்று பார்க்கிறாயா என்று ஒருத்தன் கேட்கும்போதும் வாயைக் கட்டிக்கொண்டு சட்டையைக் காயப்போடுகிற மகள், எழுதுகிறவன் தன் வசதிக்குச் செய்துகொள்கிற மகள். எனக்கும் மகள் இருக்கிறாள். அவளாக இருந்தால் வாளியைத் தூக்கி எறிந்திருப்பாள்.

அதனால் போய்க் கேட்டேன். சுவருக்கு மேலாக.

“ஏம்மா, அன்னைக்கு ஏன் ஒண்ணும் சொல்லல?”

“எதுக்குக் கேக்குறீங்க மாமா? எழுதவா?”

“ஆமா.”

“என்னைய நல்லவளா எழுதாதீங்க. உம்மாவுக்குக் குடுத்த சத்தியம்டு எழுதுவீங்க. அது பாதிதான். இந்த மனுசன் இன்னும் என்னதான் சொல்லுவாருன்டு கேட்டுக்கிட்டு நின்னேன். நடுவுல பேசிட்டா பாக்கி உள்ளயே தங்கிரும்ல?”

‘இந்த மனுசன்’ என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். அதன் பிறகு நம்பினேன்.

8

சதக்கத்துல்லா காஜா நவாஸிடம் உடனே போய்ச் சொல்லிவிட்டார். உச்சிப்புளி கடைத்தெருவில், நாலு பேர் முன்னால். “உன்னத் தப்பா பேசிட்டேன்ப்பா.” அவன், “விடுங்க மாமா, பெட்டி ஓடலன்னா எங்களத்தான் ஏசணும், அதுக்கும் சேத்துத்தான் கூலி” என்று டீ வாங்கிக் கொடுத்தான். வெளியாளிடம் அது சுலபமாக வந்தது.

மகளிடம் வரவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று விளமீன் வாங்கி வந்தார். “இன்னைக்கு நல்லா வந்துச்சு” என்றார் மீனைப் பார்த்து. “ம்” என்றாள் அவளும் மீனைப் பார்த்து. வாஷிங் மிஷின் குழாயில் சொட்டு ஒழுகியது, அதைச் சரி பண்ணினார். “சரியாயிருச்சா?” “ஆயிருச்சு.” அவ்வளவுதான் பேச்சு.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். நோன்பு பிறக்கிறதுக்கு முந்தின நாள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பொருத்தம் கேட்டுக்கொள்வார்கள். ‘அறிஞ்சோ அறியாமலோ எதுவும் சொல்லியிருந்தா, செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க’ என்பார்கள். ‘பொறுத்துக்கிட்டேன்’ என்று பதில் வரும். வருஷா வருஷம் சொல்கிற பேச்சு, வாயில் பழகிப்போனது. சதக்கத்துல்லா அந்த நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என்னிடம் சொன்னார், “பிறை பாத்த உடனே கேட்டுருவேன் மாப்ள.”

கேட்டார். முதலில் சபியாவிடம். பிறகு திரும்பி, “மாஷிதா, அறிஞ்சோ அறியாமலோ எதுவும் சொல்லிருந்தா வாப்பாவப் பொறுத்துக்க.”

அவள் பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எதன்டு சொல்லிக் கேளுங்க. பொறுத்துக்கிறேன்.”

சபியா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “எதடி? என்ன சொன்னாரு?”

எப்படிச் சொல்வார்? யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளும் அங்கே இருக்கிறாள், கேட்கக்கூடாதவளும் அங்கே இருக்கிறாள். “ஒண்ணும் இல்ல” என்றார். “ஒண்ணும் இல்ல உம்மா” என்றாள் மாஷிதாவும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டார்கள்.

9

முடிவு, எழுதி அடித்தவை:

அ. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அவளும் அழுகிறாள். (அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் ஓட்டின போட்டு கடலில் முங்கினபோது கூடப் பார்த்ததில்லை. இது பொய்.)

ஆ. சபியா மவுத்தாகிவிடுகிறார். மையத்து எடுக்கும்போது மகள் ‘வாப்பா’ என்று (இதை எழுதின கைக்கு என்ன சொல்வது. ஒரு சொல்லை வரவைக்கிறதுக்கு ஒரு உயிரையா எடுப்பது? அந்த அம்மா இப்போதும் இருக்கிறார். நேற்றுக்கூட முருங்கைக்கீரை கேட்டார்.)

இ. ஸுஹைர் ஊருக்கு வந்து சமாதானம் பண்ணி

வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. நோன்பு முதல் வாரத்தில் ஒரு ஆஸ்பத்திரி நாள். சபியாவை உள்ளே மிஷினில் போட்டுவிட்டார்கள். முடிய மத்தியானம் ஆகும். வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மாஷிதா ஒன்றில் இருந்தாள். சதக்கத்துல்லா நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தார். மத்த நாளெல்லாம் அவர் கீழே மரத்தடியில் நிற்கிறவர்.

“அன்னைக்குக் கொல்லைல வச்சு,” என்று ஆரம்பித்தார்.

அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

எதைச் சொன்னாரோ அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சபியா ஊசி குத்தின கையோடு படுத்திருக்கிறாள். இந்தப் பக்கம் இருந்துகொண்டு, ‘அவ சீக்கிரம் போய்ச் சேரட்டும்’ என்கிற சொல்லை மறுபடி வாயில் எடுக்க வேண்டும். “அங்கன உக்காந்துக்கிட்டு அத எப்பிடி மாப்ள சொல்ல?” என்று பிறகு என்னிடம் கேட்டார்.

“சொல்லலையா அப்ப?”

“சொன்னேன். ஒரு எழுத்து விடாம சொன்னேன். சொல்லிட்டு, இதுக்குத்தான் கேக்குறேன்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“இதையும் எழுதப் போறியா?”

ஆமா என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மாஷிதாவிடம் நான் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டதே அதிகம்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கேட்காமலே ஒன்றை எழுதிவிடலாம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிகிறது. நானும் கிழவன். நானும் மகளைப் பெற்று, அவளிடம் நாலு வார்த்தை அதிகமாகப் பேசினவன்தான். என்னிடம் விட்டால் முதல் வரியிலேயே அவளை ‘வாப்பா’ என்று கூப்பிட வைத்துவிடுவேன். அந்த வராந்தாவில் யார் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

நீங்கள் போய் அவள் நாற்காலியில் உட்காருங்கள். அவர் சொல்லி முடித்துவிட்டு உங்களைப் பார்க்கிறார். இனி வாயைத் திறக்க வேண்டியது நீங்கள்.